ரெண்டாம் நம்பர் ஃபேன்

பதினொன்றரைக்கு வந்துடறேனுங் மேடம், பேங்க்ல இருந்து ஆளுக வந்திருக்காங்கன்னு சென்னியப்பன் சொல்லிட்டுப் போயிட்டாரு. போகட்டும், மில்லு முதலாளின்னா நாலு பேர் வரத்தான் செய்வாங்க, எனக்கொண்ணும் அவசரமில்லை. இப்போ மணி பத்து ஐம்பது. ரிப்போர்ட் தயார், லேப்டாப்ல திறந்தே இருக்கு, மில்லு மேனேஜர் வந்து ஒரு தடவை படிச்சுட்டுப் போனாரு, ஏழு பக்கம், மேல என் பேர் போட்ட லெட்டர்ஹெட், எஸ். செண்பகவல்லி, இயந்திர அதிர்வு ஆலோசகர். ஊர்ல எவனும் அப்படிச் சொல்றதில்லை, ஆட்டம் பாக்குற மேடம்னுதான் சொல்றான், சொல்லிட்டுப் போறான், ஆட்டம் பாக்குறதுதானே என் வேலை. பம்ப்பு, ஃபேன், மோட்டார், எது ஆடினாலும் அதிர்வு அளக்கிற பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போய் சென்சாரை ஒட்ட வெச்சு, ஏன் ஆடுதுன்னு சொல்லணும். பத்தொன்பது வருஷம் கோயமுத்தூர்ல ஒரு பம்ப்புக் கம்பெனியில இதைத்தான் சம்பளத்துக்குச் சொன்னேன், மூணு வருஷமா என் பேருக்குச் சொல்றேன், வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா அந்த வித்தியாசத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மொத வருஷம் எவ்வளவு கேக்கணும்னே தெரியலை. கம்மியாக் கேட்டா வேலை வரும்னு நெனச்சேன், கம்மியாக் கேட்டா இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது போலன்னு நெனக்கிறான். ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கணும், அதுக்கப்புறம் யார் மொதல்ல பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க, இதை எனக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கலை, தோத்துத் தோத்துத்தான் படிச்சேன். இப்ப நான் தோக்கறதில்லை. இன்னிக்குக் கையெழுத்தானா இவங்களோட நாலு மில்லும் வருஷம் முழுக்க என் கையில, மாசம் ஒரு நாள் ஒவ்வொரு மில்லு, வேலை தேடி ஃபோன் பண்ண வேண்டாம், பெட்டிக்கு வாங்கின கடன் தானா ஓடும். நாலு ஊர்ச் சாப்பாடு, நாலு வழி ரோடு, என்ன, அலைச்சல்தான், அலையட்டுமே, உட்கார்ந்து உட்கார்ந்து என்னத்தக் கண்டேன் அந்தக் கம்பெனியில.

தண்ணி வெச்சுட்டுப் போனாங்க, குடிக்கலை, நல்ல எவர்சில்வர் டம்ளர். இந்த விசிட்டர் ரூம் பாய்லர் கட்டடத்தை ஒட்டியே இருக்கு, யார் கட்டுனதோ, வர்றவன் காது போகட்டும்னே கட்டியிருக்கான். செவுத்துல முருகன் படம், கீழ சின்னத் தட்டுல குங்குமம் விபூதி, சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை. காலையில நடந்ததை நெனச்சா எனக்கே ஒரு தெம்பா இருக்கு. ஒன்பது மணிக்கு வந்தேன், பாய்லர் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. பாய்லர் புகையை இழுக்கிற ஃபேன் ரெண்டு, ஒண்ணாம் நம்பர் வருஷம் பூரா ஓடுது, ரெண்டாம் நம்பர் அவசரத்துக்கு. ஒண்ணை சர்வீஸுக்கு நிறுத்தறப்ப ரெண்டை ஓட்டினா மூணே நாள்ல பேரிங் போயிடுது, ரெண்டு வருஷத்துல மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் அட்டை மில்லு மொத்தமும் நின்னிருக்கு. கழட்டின பேரிங்கை மண்ணெண்ணெய்ல கழுவி, நியூஸ் பேப்பர் மேல வெச்சிருந்தாங்க. சுத்தி பத்துப் பேர், சென்னியப்பன், மெயின்டனன்ஸ் ஆளுக, எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. வெளி வளையத்தைத் தூக்கிப் பாத்தேன், உள்பக்கம் சீரான இடைவெளியில குழி, ஒரு குண்டுக்கு ஒரு குழி, புள்ளி வெச்ச மாதிரி. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சுத்தியலால அடிச்சு ஏத்தியிருக்காங்க, அடி குண்டு வழியா வளையத்துல விழுந்திருக்கு, மாட்டின கை சரியில்லைன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் ஆயிருக்குமா? ஆகியிருக்காது. குழிக்குள்ள செவப்பா ஒரு பொடி, விரல்ல ஒட்டுச்சு, கர்ச்சீப்புல தொடச்சேன், ஃபேன் உடம்பு முழுக்கக் குங்குமப் பொட்டு வேற, அதனால, பூஜை போட்ட கையோடயே பேரிங்கைத் தொட்டா இப்படித்தான் சார்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. சென்னியப்பன் கூடச் சிரிச்சாரு, சிரிச்சுட்டு பேரிங்கை மாட்டின ஃபிட்டர் பக்கம் திரும்பினாரு, அப்ப அவர் சிரிக்கலை.

அந்த ஃபிட்டர் என்னவோ சொன்னாரு. ஒல்லி, நரைச்ச மீசை, காக்கிச் சட்டை. "நான் அடிக்கலைங் சார், எண்ணெய்ல சூடு பண்ணித்தான் ஏத்துனனுங்"னாரு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னேன் நான். சொன்னேனா? சொன்னேன். சரி, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க, இத்தனை வருஷத்துல எந்த ஃபிட்டர் சுத்தியல்ல அடிச்சேன்னு ஒத்துக்கிட்டிருக்கான். சத்தமாத்தான் சொன்னேன் போல, அந்தச் சத்தத்துல சத்தமாச் சொன்னாத்தான் கேக்கும். மனுஷன் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு. சூடு பண்ணி ஏத்துனேன்னாரே, சூடு பண்ணினா வளையம் விரிஞ்சு கையாலயே வழுக்கிட்டுப் போய் உட்காரும், அடிக்க வேண்டிய அவசியமே... அட விடு, அதான் சொல்லியாச்சே. ஆட்டம் பாக்குற பொழப்புல, இருக்கலாம், பாக்கலாம், இன்னும் ரெண்டு நாள் டேட்டா எடுக்கணும்னு இழுத்தா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க. கம்பெனியில இருந்தப்ப இழுக்கலாம், பின்னால கம்பெனி பேர் நிக்கும். தனியா வந்தா நிக்கறது நம்ம வாய்தான். டாக்டர் மாதிரி, நாக்கைக் காட்டுன்னு சொன்னமா, மருந்தை எழுதினமான்னு இருக்கணும். அப்படி இருந்துதானே நாலு மில்லு வரைக்கும் வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடறப்பக் கேப்பாரு, இன்னிக்கு எத்தனை நிமிஷத்துல சொன்னேன்னு, கிண்டல்தான், ஆனா எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஒரு நிமிஷம்னு சொல்லணும் இன்னிக்கு. எண்ணெய்ல சூடு பண்ணித்தான் ஏத்துனனுங். சவத்த விடு, திரும்பத் திரும்ப அது எதுக்கு வருது இப்போ?

கதவைத் தட்டிட்டு ஒரு பொண்ணு வந்துச்சு, டைம் ஆபீஸ்ல இருக்குற பொண்ணாம், சுகன்யாவாம். "மேடம், உங்க ரிப்போர்ட் ஒரு காப்பி வேணுமுங், மெமோவோட வெக்கோணும்னு சார் சொன்னாருங்." என்ன மெமோம்மா? "ஃபிட்டரை நிறுத்தறதுக்குங். மத்தியானத்தோட கணக்கு முடிச்சுரச் சொல்லிட்டாருங். உங்க ரிப்போர்ட்ல மாட்டுனவர் தப்புன்னு மட்டும் இருக்காமா, பேர் இல்லைன்னாரு மேனேஜர், பேரையும் போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குமுங், நாளைக்கு லேபர் கோர்ட்டுன்னு போனாலும் இதுதானுங்களே ஆதாரம்." நிறுத்துறதா? ஒரு டிரெயினிங் குடுங்க, ஹீட்டர் வாங்குங்கன்னுதானே நான் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன். ஆனா நாலாம் பக்கத்துல என்ன எழுதினேன், மாட்டியவரின் கவனக்குறைவேன்னு எழுதினேன், கொட்டை எழுத்துல, படிக்கிறவனுக்கு அது போதும். எத்தனை வருஷமா இருக்காருன்னு கேட்டேன். "இருபத்திரண்டுங் மேடம், மில்லு ஆரம்பிச்சதுல இருந்தே." பேர் என்னன்னு கேட்டேன். அப்பத்தான் கேக்குறேன். காலையில ஒன்பது மணியில இருந்து அந்த மனுஷனைப் பத்தியே பேசிட்டு, பத்துப் பேர் முன்னால சிரிக்க வெச்சுட்டு, பதினொரு மணிக்குத்தான் பேர் கேக்குறேன். "இன்னாசிமுத்துங்" அப்படின்னுச்சு. எழுத்து எழுத்தாச் சொன்னுச்சு, நான் டைப் அடிக்கப் போறேன்னு நெனச்சு. அஞ்சு நிமிஷம் குடும்மான்னு அனுப்பிட்டேன்.

இன்னாசிமுத்து. கிறிஸ்தவப் பேராச்சே, இன்னாசிமுத்து எதுக்குய்யா குங்குமக் கையோட நிக்கப் போறாரு. நிக்கக் கூடாதுன்னு இல்லை, மில்லுல வெள்ளிக்கிழமை பூஜையில எல்லாருக்கும் தட்டை நீட்டுவாங்க, வாங்கிக்கிறவங்களும் உண்டு. ஆனா குங்குமம்னு எவன் சொன்னான், நானாத்தானே சொன்னேன், ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன். கழுவின பேரிங் அது. மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டு பிரஷ் வெச்சுக் கழுவின பேரிங்குல குங்குமம் எப்படி நிக்கும், மொதல்லயே போயிருக்குமே. போகலை, குழிக்குள்ள கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. கைப்பையில தேடி கர்ச்சீப்பை எடுத்தேன், விரிச்சேன், இருக்கு, ஓரத்துல ஒரு விரல் தடம். எழுந்து போய் முருகன் தட்டுல ஒரு சிட்டிகை எடுத்து அந்தத் தடத்துக்குப் பக்கத்துல தேய்ச்சேன், முருகா மன்னிச்சுக்கோ. பளிச்சுன்னு ஒரு செவப்பு. பக்கத்துல இருக்கறது செவப்பே இல்லை, பழுப்பு, காஞ்ச செம்மண் நெறம், விரலால தேச்சா நறநறங்குது. துரு மாதிரி, ஆனா தண்ணி பட்ட துரு இல்லை. இரும்பும் இரும்பும் ஒரே இடத்துல ஒரசி ஒரசி வர்ற மாவு. அய்யோ செண்பகம். அய்யோ. எனக்கு இது தெரியும். இதைப் பத்தி நான் கம்பெனியில பசங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கேன், போர்டுல படம் போட்டு. ஃபோனைத் தொறந்து காலையில எடுத்த போட்டோவைப் பாக்குறேன், பெருசாக்கிப் பாக்குறேன், எண்ணுறேன். ஆறு குழி. பதினோரு குண்டு ஓடுற பேரிங்குல ஆறே குழி, வளையத்தோட ஒரு பாதியில மட்டும். அடுத்த பாதி கண்ணாடி மாதிரி இருக்கு. சுத்தியலால அடிச்சா அடி எல்லாக் குண்டுக்கும் போகும், வட்டம் பூரா குழி விழும், குண்டு ஓடுற பள்ளத்தோட ஓரமா ஒதுங்கி விழும். இது பள்ளத்துக்கு நட்டநடுவுல, வளையத்தோட ஒரு பாதியில மட்டும். போட்டோ எடுத்தவளே நான்தான், ரிப்போர்ட்ல ஒட்டினவளும் நான்தான், கீழ விளக்கம் எழுதினவளும் நான்தான், ஆனா பாத்தேனா? பாக்கலையே, ஒரு நிமிஷத்துல சொல்லிட்டேன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.

அப்ப என்ன அது, என்ன, ஓடாத ஃபேன்ல எப்படி ஒரசும்? டம்ளரைப் பாக்குறேன். தண்ணி அசையுது. நான் மேசையைத் தொடலை, யாரும் தொடலை, தண்ணி மேல மெல்லிசா வளையம் வளையமா வந்துக்கிட்டே இருக்கு, வந்ததுல இருந்தே வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணாம் நம்பர் ஓடுது, தரை அதிருது, இங்க இருக்குற டம்ளருக்கே இவ்வளவுன்னா, அதே மேடையில பக்கத்துல நிக்கிற ரெண்டாம் நம்பருக்கு? ஒரு தடவை ஓட்டி அடுத்த தடவை ஓட்டுற வரைக்கும் எட்டு மாசம், ராப்பகலா, சுத்தாம நின்ன இடத்துலயே குலுங்கிட்டு நிக்குது, ஃபேனோட மொத்த வெயிட்டும் கீழ்ப்பாதிக் குண்டு மேல, அதே ஆறு குண்டு, அதே ஆறு இடம், கிரீஸெல்லாம் ஒதுங்கிப் போய் இரும்பு இரும்பைத் தின்னு குழி பறிச்சு வெச்சிருக்கு. நாம சுவிட்சைப் போடுறப்பவே அது செத்த பேரிங்தான், மூணு நாள் ஓடினதே பெருசு. மாட்டின கையில ஒரு குத்தமும் இல்லை. தினம் ஒருத்தர் போய் கையால அதை ஒரு கால் சுத்து சுத்திவிட்டாப் போதும், இல்லை வாரத்துக்கு ஒண்ணு மாத்தி ஓட்டினாப் போதும், பத்துப் பைசாச் செலவில்லை. ஏன் சுத்தலை? சென்னியப்பன் விடமாட்டாரு. காலையிலயே பெருமையாச் சொன்னாரே, ரெண்டாம் நம்பரை ஒருத்தனும் தொடக்கூடாதுன்னு வெச்சிருக்கனுங் மேடம், தார்ப்பாய் போட்டு மூடி, வெள்ளிக்கிழமை பூஜை மட்டும், புதுசு புதுசாவே இருக்கோணும்னு. அவர் பத்திரமா வெச்சதுதான் அதைக் கொன்னிருக்கு. இதைப் போய் நான் அவர்கிட்டச் சொல்லணும், ஐயா தப்பு உங்களுதுன்னு. அதுக்கு முன்னால, தப்பு என்னுதுன்னு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா அந்த மனுஷன் கேப்பாரு, காலைல ஒண்ணு சொன்னீங், இப்ப ஒண்ணு சொல்றீங், மத்தியானம் எதைச் சொல்லுவீங்னு. கேக்கத்தான் செய்வாரு, நானா இருந்தாலும் கேப்பேன். நாலு மில்லு போயிடும். இந்தப் பக்கத்து மில்லுக்காரங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், ஒரு கல்யாணத்துல பேச்சு வந்தாப் போதும், ஆட்டம் பாக்குற மேடம் ஆளை மாத்தி மாத்திச் சொல்லுதுன்னு. பேசாம இருந்தா என்ன, ரிப்போர்ட்ல பேரைப் போடாம, கவனக்குறைவுங்கறதை மட்டும் அழிச்சுட்டு, தினம் சுத்திவிடுங்கன்னு ஒரு வரி சேத்துட்டா? யாருக்குத் தெரியும். ஃபேனும் பொழச்சுக்கும், நானும் பொழச்சுக்குவேன், அந்த மனுஷன் மட்டும் மத்தியானத்தோட வெளிய போவாரு. ச்சீ. என்ன புத்தி இது. இதுக்கா வேலையை விட்டுட்டு வந்தேன்? அந்தக் கம்பெனி மேனேஜர் சொல்றபடி மாத்தி எழுத மாட்டேன்னு சண்டை போட்டுத்தானேடி வெளிய வந்தே, இப்ப உன் பயத்துக்கு நீயே மாத்தி எழுதுவியா? மாட்டேன். என் கண்ணு காலையில தப்புப் பண்ணுச்சு, பண்ணட்டும், அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சதும் இதே கண்ணுதான். எனக்கு ஆட்டம் தெரியும். இதைப் பதினொன்றரைக்குள்ள கண்டுபிடிக்க இந்த ஜில்லாவுல வேற ஆள் இருந்தா வரச் சொல்லு பாப்போம். போற மில்லு போகட்டும். ஆனா ஒண்ணு பாக்கணும், அது பாக்காம வாயைத் தொறக்க மாட்டேன், ஒரு நாளைக்கு ஒரு தடவை வாயை விட்டது போதும். அந்த ஆறு குழி கீழ்ப்பக்கம்தானா? மேல் பக்கமா இருந்துட்டா என் கதை மொத்தமும் பொய்.

பதினொண்ணே கால். லென்ஸை எடுத்துக்கிட்டு பாய்லர் பக்கம் வேகமா நடந்தேன், சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஒர்க் ஷாப்புல இன்னாசிமுத்து மட்டும்தான் இருந்தாரு, ஸ்பேனர் எல்லாத்தையும் அளவு வாரியா அடுக்கி, ஒரு பேப்பர்ல குறிச்சுக்கிட்டு இருந்தாரு, ஒப்படைச்சுட்டுப் போறதுக்கு. என்னைப் பாத்துட்டு எந்திரிச்சாரு, மரியாதைக்கு, அதுதான் என்னால தாங்க முடியலை. "இன்னாசிமுத்து அண்ணே"ன்னு கூப்பிட்டேன். வாய்ல தானா வந்துச்சு, எங்க கோயில்பட்டிப் பழக்கம். "அந்தப் பேரிங்கைக் கழட்டறப்ப, எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு தெரியுமா?" அவர் பெஞ்சு மேல இருந்த பேரிங்கைக் காட்டினாரு. "தெரியாம எப்படீங். கழட்டறக்கு முன்னாலயே மேல் பக்கத்துல மஞ்சப் பெயிண்டுல ஒரு கோடு போட்ருவனுங், எப்பவும். அதான் இருக்குதுங்களே." இருந்துச்சு. வளையத்தோட வெளிப்பக்கத்துல, நகம் அகலத்துக்கு ஒரு மஞ்சக் கோடு, நேரா, சுத்தமா. காலையில நான் அந்தக் கோட்டு மேலயே விரலை வெச்சுத்தான் தூக்கியிருப்பேன். திருப்பிப் பாத்தேன், லென்ஸை வெச்சேன். மஞ்சக் கோட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம் ஆறு குழியும், நடுவுல, உள்ளுக்குள்ள பழுப்பு மாவு, சுத்தியல் பட்ட தடம் ஒண்ணுகூட இல்லை. இவ்வளவு ஒழுங்கா வேலை பாக்குற கையை நான் இத்தனை வருஷத்துல நாலஞ்சு தடவைதான் பாத்திருப்பேன். "அண்ணே, நீங்க அடிக்கலை. ஃபேன் சுத்தாம நின்னதால வந்த குழி இது. உங்க மேல தப்பே இல்லை, நான் பாக்காம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க."

அவர் ஒண்ணும் ஆச்சரியப்படலை. கையில இருந்த ஸ்பேனரை வெச்சாரு. "நான் அடிக்கலைங்கறது எனக்குத் தெரியாதுங்களா மேடம்" அப்படின்னாரு, மெதுவா, கோபமே இல்லாம. "காலைல பத்துப் பேரு நிக்கறப்பச் சொன்னீங். இத இங்க என்ற காதுல மட்டும் சொன்னா எப்படீங்."

நான் சென்னியப்பன் ரூமைத் தேடித்தான் போயிருப்பேன், கதவைச் சாத்திட்டு அவர்கிட்ட மட்டும் சொல்றதாத்தான் இருந்தேன், அதை இப்பத்தான் கண்டுபிடிச்சேன். "அந்தப் பத்துப் பேரையும் கூப்பிடச் சொல்றேன்"னேன். "நீங்களும் வாங்க, என் பக்கத்துல நில்லுங்க."

"பக்கத்துல எதுக்குங்" அப்படின்னாரு, கைத்துணியில விரலை ஒவ்வொண்ணாத் தொடச்சுக்கிட்டே. "நீங்க முன்னால போங். காலைல எங்க நின்னனோ அங்கயே வந்து நிக்கறனுங்."

நான் பேரிங்கைக் கையில எடுத்துக்கிட்டு முன்னால போனேன்.